கை நடுக்கமும் குலப் பழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசுதற்குப் புலவர்கள் வந்திருக்கின்றனர். ஆடவும் பாடவும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஒப்பனையோடு காத்திருக்கின்றனர். இவற்றிற்கு இடையே, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் என்னையும் அழைத்துச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் பணித்தார். நோய் ஒன்றைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்று சொன்னபொழுது, "விழா நாளில் நோயா?" என்று நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். விழா நாளில்தான் பெண் கொடுப்போரும் பெண் எடுப்போரும், மாமியாரும் மருமகளும், முதியோரும் இளையோரும் ஒரே கூரையின் கீழ் அமர்கின்றனர். இச்செய்தியோ அவர்கள் எல்லோரும் ஒருசேரக் கேட்க வேண்டிய செய்தி. ஆதலின் பொறுத்தருள வேண்டுகின்றேன். நான் மருத்துவன் அல்லேன். மருத்துவர்கள் ஆராய்ந்து கண்டு உலகறியச் சொன்னவற்றைப் படித்தும் கேட்டும் அறிந்து, நமக்குப் பழகிய சொற்களில் எடுத்துரைப்பதே என் வேலை.

நான் எடுத்துக்கொண்ட நோயின் பெயர் நீண்டது. ‘ஆக்‌ஷன் மயோக்ளோனஸ் ரீனல் ஃபெயிலியர் சிண்ட்ரோம்’ என்பர் மருத்துவர். சுருக்கமாக ஏ.எம்.ஆர்.எஃப். என்பதும் உண்டு. செயல்பட முனையும்போது தசைகள் தாமே வெட்டித் துடித்தலும், சிறுநீரகங்கள் செயலற்றுப் போதலும் ஒருவர்க்கே ஒருங்கு நேரும் நோய் என்று தமிழில் சொல்லலாம். இது மிக மிக அரியது. உலகம் முழுவதையும் சல்லடையிட்டு அரித்தாலும் மருத்துவ ஏடுகளில் பதிவான குடும்பங்கள் மிகச் சிலவே. "அத்தகைய நோயைப் பற்றி அடுகோடியில் வாழும் நமக்கு என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஒரு நோயின் வரலாற்றில் நம் இல்லங்களுக்குரிய பாடம் அடங்கியுள்ளது. அப்பாடத்தைச் சொல்லவே வந்தேன்.

முதலில் நோயின் இயல்பைக் கேளுங்கள். பெரும்பாலும் இளமைப் பருவத்தில், ஏறக்குறைய 15 வயதிற்கும் 25 வயதிற்கும் இடையே, இது தலைகாட்டுகின்றது. அதுவரை ஓடியாடிய பிள்ளைதான். படிப்பிலும் குறை இராது. விரல்களில் மெல்லிய நடுக்கம் தோன்றும். எழுத்துக் கோணும். நாளடைவில் அந்நடுக்கம் வேறொன்றாக மாறும். கை தன் மடியில் கிடக்கும்போது ஓரளவு அமைதியாக இருக்கும். தண்ணீர்க் குவளையை எடுக்கலாம் என்று கையை நீட்டிய அளவிலே, யாரோ பிடித்து உலுக்கியது போல வெட்டி இழுக்கும். குவளை சிதறும். கால், உடல், முகம் ஆகியவற்றிற்கும் அத்துடிப்புப் பரவும். நடை தள்ளாடும். பேச்சுக் குழறும். சிலர்க்கு வலிப்பும் வரும். பிறர் பார்க்கின்றனர் என்னும் கூச்சமும், பதற்றமும், திடுக்கிடுதலும் துடிப்பை மேலும் மிகுவிக்கும்.

இங்கேதான் கொடுமை இருக்கின்றது. சும்மா இருந்தால் கை அடங்கியிருக்கின்றது. வேலை என்றால் துடிக்கின்றது. காண்போர் என்ன சொல்வர்? "வேலைக்குக் கள்ளம், நடிக்கின்றான்" என்பர். தள்ளாடும் நடையைக் கண்டு "குடித்திருக்கின்றான்" என்பர். பெண்பிள்ளையாயின் "காற்று, கருப்பு அடித்துவிட்டது" என்று உடுக்கை அடிக்க ஆள் தேடுவர். இத்தனையையும் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். ஏனெனில் இந்நோயில் அறிவு பெரும்பாலும் மங்குவதில்லை. உடல் சொன்னபடி கேளாது. உள்ளமோ அனைத்தையும் உணரும். இதனினும் பெரிய சிறை வேறொன்று உண்டா?

மற்றொரு பக்கம், ஓசையின்றிச் சிறுநீரகம் கெடுகின்றது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் இலட்சக்கணக்கில் உள்ளன. உடலுக்கு வேண்டிய புரதத்தை உள்ளே நிறுத்திக்கொண்டு, வேண்டாத கழிவை வெளியே விடுவது அவற்றின் பணி. இந்நோயில் அவ்வடிகட்டிகள் பழுதடைந்து, புரதம் சிறுநீரோடு ஒழுகத் தொடங்கும். வலி இராது, காய்ச்சல் இராது. சிறுநீரில் நுரை மிகுதியாகக் காணலாம். பின்னர் முகமும் காலும் வீங்கலாம். வடிகட்டிகள் தழும்பேறிச் சுருங்க, சில ஆண்டுகளில் சிறுநீரகம் முற்றும் செயலிழக்கும். சிலர்க்குச் சிறுநீரகக் கேடு முந்தும். சிலர்க்குத் துடிப்பு முந்தும்.

இந்நோயை உலகம் கண்டுகொண்ட கதை வியப்பிற்குரியது. முற்காலத்தில் சிறுநீரகம் செயலிழந்த இளைஞர் பிழைத்ததில்லை. 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலாக ஒருவர் சிறுநீரகம் மற்றொருவர்க்கு வெற்றியுடன் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் அவ்வெற்றி 1971-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கிடைத்தது என்பது தமிழர் அனைவர்க்கும் பெருமை தருவது. இரத்தத்தைப் பொறியால் தூய்மை செய்யும் டயாலிசிஸ் முறையும் பரவிற்று. இவற்றால் இறக்க வேண்டியவர்கள் வாழத் தொடங்கினர். அப்படி வாழ்ந்தவர்களுள் மிகச் சிலர்க்கு ஒரு புதிய துன்பம் வெளிப்பட்டது. சிறுநீரகச் சிகிச்சை நன்கு நடந்துகொண்டிருக்க, கைகால்கள் மட்டும் வெட்டித் துடித்தன. முந்தைய தலைமுறையில், அத்துடிப்பு வெளிப்படுமுன்னரே சாவு முந்திக்கொண்டது. ஒரு நோயின் பாதியை மருத்துவம் வென்றபின்னரே, மறைந்திருந்த மறுபாதி கண்ணுக்குப் புலப்பட்டது!

கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் ஃபிரெடரிக் ஆண்டர்மன், ஈவா ஆண்டர்மன் என்னும் மருத்துவத் தம்பதியரும் அவர்தம் துணைவரும் 1986-இல் இதனைத் தனியொரு நோயென்று முதன்முதலாக எழுதினர். மூன்று குடும்பங்களைச் சேர்ந்த நான்கு நோயாளர்களை அவர்கள் கண்டிருந்தனர். நான்கு பேரும் பிரெஞ்சுக் கனடியர். 2004-இல் வெளிவந்த விரிவான ஆய்வில் ஒன்பது குடும்பங்களைச் சேர்ந்த 15 பேர் இடம்பெற்றனர். மூளைக் கேடும் சிறுநீரகக் கேடும் ஒன்றால் ஒன்று விளைந்தன அல்ல. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது அதனால் தெளிவாயிற்று.

முதல் நான்கு பேரும் பிரெஞ்சுக் கனடியராக இருந்தது ஏன் என்று சற்று எண்ணிப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டினின்றும் கடல் கடந்து சென்று கியூபெக் பகுதியில் குடியேறியோர் சில ஆயிரவரே. புதிய மண்ணில் தம் மொழியையும் சமயத்தையும் காத்துக்கொள்ளத் தம்முள்ளேயே பெண் கொடுத்துப் பெண் கொண்டனர். அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே இன்று இலட்சக்கணக்கில் பெருகியுள்ளனர். முன்னோர் சிலருடைய உடலில் மறைந்திருந்த ஒரு குறை, பல தலைமுறைக்குப் பின் இரு வழியாக வந்து ஒரே பிள்ளையிடம் சந்திக்க அங்கு இடமிருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து, மொழி காத்து, உறவு விட்டுப் போகாமல் மணம் செய்யும் கூட்டம் என்று சொன்னால் உங்களுக்கு வேறு யாரேனும் நினைவிற்கு வருகின்றனரா? நம்மைத்தான் சொல்கின்றேன்.

இனி, நோயின் வேருக்கு வருவோம். நம் உடல் உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவிற்குள்ளும் ‘லைசோசோம்’ என்னும் நுண்ணிய பைகள் உள்ளன. தேய்ந்தவற்றையும் வேண்டாதவற்றையும் அரைத்துக் கரைக்கும் ஆலைகள் அவை. அவ்வாலைக்கு வேண்டிய நொதிகள் உயிரணுவின் வேறோரிடத்தில் உண்டாகின்றன. உண்டான சரக்கு உரிய நிலையத்திற்குப் போய்ச் சேர வண்டி வேண்டும் அன்றோ? ஒரு முதன்மையான நொதியைச் சுமந்து செல்லும் வண்டி ‘லிம்ப்–2’ என்னும் புரதம் என்பதை 2007-இல் அறிஞர் வெளியிட்டனர். மறு ஆண்டே, 2008-இல், ஆஸ்திரேலியாவில் சாமுவேல் பெர்கோவிக் தலைமையிலான குழுவினரும், போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த மற்றொரு குழுவினரும், அவ்வண்டியைக் கட்டும் குறிப்பைத் தாங்கிய ‘ஸ்கார்ப்–2’ என்னும் மரபணுவின் பழுதே இந்நோய்க்குக் காரணம் என்று கண்டறிந்தனர்.

சரக்குக் கொட்டகையில் பணியாற்றுவோர்க்கு இது எளிதில் விளங்கும். சரக்கு உண்டு, சேர வேண்டிய நிலையமும் உண்டு, இடையே ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. சரக்கு திசை மாறி வெளியே போய்விடுகின்றது. ஆலை பட்டினி கிடக்கின்றது. அரைபடாத கழிவு தேங்குகின்றது. உடல் முழுவதும் இவ்வாலைகள் உள்ளனவெனினும், மூளையிலும் சிறுநீரக வடிகட்டியிலுமே இக்கேடு பெரிதாக வெளிப்படுகின்றது. கையைக் காட்டினால் நரம்பு மருத்துவர் கையைப் பார்ப்பார். சிறுநீரைக் காட்டினால் சிறுநீரக மருத்துவர் அதனைப் பார்ப்பார். இருவரிடமும் இரண்டையும் சொன்னாலன்றி, ஒரே நோய் இரு வாயிலில் நிற்பது யார்க்கும் தெரியாது.

இப்போது நான் தாய்மார்கள் செவி சாய்த்துக் கேட்க வேண்டுகின்றேன். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. இதனை இரட்டைப் பாதை என்று கொள்ளுங்கள். ஒரு பாதை அறுந்தால் வண்டி மறு பாதையில் ஓடும். பயணிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் அறுந்தால்தான் போக்குவரத்து நிற்கும். அவ்வாறே ஒரு படி மட்டும் பழுதுற்றவர்க்கு இந்நோய் வருவதில்லை. அவர் நலமாக வாழ்வார். தம்மிடம் அப்பழுது இருப்பதையே அறியார். அத்தகைய ஆணும் அத்தகைய பெண்ணும் மணந்துகொண்டால், அவர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழுதும் வந்து சேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆணாயினும் பெண்ணாயினும் வாய்ப்பு ஒன்றே.

இதன் பொருளை மனத்தில் இருத்துங்கள். நோயுற்ற பிள்ளையின் பழுதில் பாதி தாய் வழி. பாதி தந்தை வழி. மயிரிழையும் கூடுதல் குறைவு இல்லை. "எங்கள் குலத்தில் இல்லாத நோய், நீ கொண்டு வந்தாய்" என்று மருமகளைப் பழிக்க அறிவியலில் ஓரிடமும் இல்லை. தந்தை வழிப் பாதி இல்லாமல் இந்நோய் வரவே வராது. முற்பிறப்பின் வினையும் அன்று. கருவுற்றிருந்தபோது கிரகணம் பார்த்ததும் அன்று. யாரோ வைத்த சூனியமும் அன்று.

அடுத்தது உறவு மணம். அக்காள் மகளை மணப்பதும், அத்தை மகள், மாமன் மகள் என்று முறை கொண்டாடி மணப்பதும் நம்மிடையே நெடுநாளைய வழக்கம். 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவிற்குள் நடந்தவையே. கணக்கைப் பாருங்கள். ஒரு குடும்ப வழியாக இத்தகைய பழுது ஓர் ஆணிடம் வந்திருப்பின், அவனுடைய அக்காள் மகளிடமும் அதே பழுது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகளிடமோ மாமன் மகளிடமோ இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. உறவல்லாத பெண்ணிடம் அதே அரிய பழுது இருப்பதற்கான வாய்ப்போ மிக மிகக் குறைவு. உறவில் மணந்தவர்களுள் பெரும்பாலோர்க்கு நல்ல உடலுள்ள பிள்ளைகளே பிறக்கின்றனர். இவ்வவையிலேயே அத்தகைய பெற்றோர் பலர் இருக்கின்றனர். அவர்கள் அஞ்ச வேண்டா. ஆயினும், குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இத்தகைய நோய் கண்டபின்னும், "சொத்து வெளியே போகக் கூடாது" என்று அதே கிளைக்குள் மறுபடியும் மணம் பேசுவது, தெரிந்தே தீயில் கால் வைப்பது.

நான் நன்கு அறிந்த ஒரு குடும்பம் உண்டு. ஊரும் பேரும் வேண்டா. அக்குடும்பத் தலைவர் தம் உடன்பிறந்த அக்காள் மகளை மணந்தவர். அவர்களுடைய மூத்த மகனுக்கு 17 வயதில் கை நடுங்கத் தொடங்கிற்று. எழுத்துக் கெட்டது, வாயில் எச்சில் வடிந்தது. ஈராண்டுகள் மந்திரிப்பதிலும் தாயத்திலும் கழிந்தன. வீட்டில் மாமியார் தம் மருமகளை நாள்தோறும் ஏசினார்: "உன் வயிற்றில் பிறந்த கோளாறு! உன் வம்சத்தின் சாபம்!" அப்பெண் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! கணவன் தாய்மாமன் அன்றோ? ஏசிய மாமியார் யார்? அப்பெண்ணின் தாயைப் பெற்ற பாட்டி! பேத்தியின் வம்சம் எதுவோ அதுவே பாட்டியின் வம்சம். தம் குலத்தையே தாம் சபிக்கின்றோம் என்பது அம்மூதாட்டிக்குத் தோன்றவில்லை. இரு வழியும் ஒரு வீட்டிலிருந்தே புறப்பட்டிருக்க, பழி மட்டும் ஒருத்தியின் தலையில் விழுந்தது.

இறுதியில் நரம்பு மருத்துவர் ஒருவர் அப்பிள்ளையின் கண்ணை விளக்கொளியில் சோதித்து, கருவிழியின் ஓரத்தில் பழுப்பு நிற வளையத்தைக் கண்டார். அவனுக்கு வந்தது நான் முன்னர்ச் சொன்ன நோய் அன்று. அதற்கு ஒருவகையில் பங்காளியான ‘வில்சன் நோய்’. அதுவும் தாய், தந்தை என்னும் இருவழிப் பழுதால் வருவதே. லண்டன் மருத்துவர் கின்னியர் வில்சன் 1912-இல் அதனை விரித்தெழுதினார். அதற்குரிய மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. நாம் உண்ணும் உணவில் சிறிதளவு செம்பு உண்டு. மிகுந்ததைக் கல்லீரல் வெளியேற்ற வேண்டும். அவ்வழி அடைபட்டால் செம்பு கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் படியும். நடுக்கம், முறுக்கல், பேச்சுக் குழறல், மஞ்சட்காமாலை என்று பல உருவில் வெளிப்படும். வெளியே பார்ப்போர்க்கு இதுவும் நடிப்பு, இதுவும் பேய்.

ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வில்சன் நோய்க்கு மருந்து உண்டு! ஜான் வால்ஷ் என்னும் ஆங்கில மருத்துவர் 1956-இல் பெனிசிலமைன் என்னும் மருந்து உடலில் தேங்கிய செம்பை வெளியேற்றும் என்று காட்டினார். துத்தநாகச் சத்தும் செம்பு உட்புகாமல் தடுக்கப் பயன்படுகின்றது. காலத்தே தொடங்கி வாழ்நாள் முழுதும் விடாது உண்டால், நோயாளர் படிக்கலாம், பணி செய்யலாம், மணந்து வாழலாம். காலம் தாழ்த்தினால் இழந்ததை எல்லாம் மீட்க முடியாது. நான் சொன்ன அப்பிள்ளை மருந்து உண்டு பெரிதும் தேறினான். எழுத்து மட்டும் பழைய அழகிற்குத் திரும்பவில்லை. ஆயினும் கேளுங்கள்: மருத்துவர் சொற்படி அவன் தங்கையையும் சோதித்தனர். ஒரு குறியும் இல்லாத அவளுக்கும் அந்நோய் உள்ளே இருந்தது. அன்றே மருந்து தொடங்கினர். இன்றுவரை அவள் விரல் நடுங்கவில்லை. அண்ணன் இழந்த ஈராண்டு, தங்கைக்கு வாழ்வாயிற்று.

இதற்கெல்லாம் நாம் வெகுதொலைவு போக வேண்டுவதில்லை. நம் அடுகோடிக்கு அணித்தே, ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கின்றது. 1954-இல் அகில இந்திய மனநலக் கழகமாகத் தொடங்கி, 1974-இல் பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையோடு இணைந்து இன்றைய உருவம் பெற்றது அந்நிறுவனம். அங்குப் பணியாற்றிய மருத்துவர்கள், முப்பது ஆண்டுகளில் தாம் கண்ட 282 வில்சன் நோயாளரைப் பற்றி 2007-இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் மதிக்கப்படுவது. உலகோர் நாடி வரும் அவ்விடத்தை, பக்கத்திலேயே வாழும் நம்மவர் பலர் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று சொல்லி, அதன் வாயிலை மிதிக்க நாணுகின்றனர். "அங்கே போனால் பெண்ணுக்கு வரன் வராது" என்கின்றனர். அங்கு நரம்பு நோய்க்கெனத் தனிப் பிரிவே உண்டு. கை நடுங்கும் பிள்ளையை அங்கு அழைத்துச் செல்வதில் நாணம் எதற்கு?

முதலில் சொன்ன நோய்க்குத் திரும்புவோம். ஏ.எம்.ஆர்.எஃப். நோயை வேரோடு அகற்றும் மருந்து இன்னும் இல்லை. உண்மையை மறைத்து இனிப்புத் தடவ நான் விரும்பவில்லை. எனினும் செய்யத்தக்கவை பல உள்ளன. சிறுநீரகத்திற்கு டயாலிசிஸ் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம். அது நன்கு இயங்கி வாழ்நாளை நீட்டும். ஆனால் அதனால் துடிப்பு நிற்பதில்லை என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். துடிப்பைத் தணிக்க வால்ப்ரோயேட், குளோனாசிபாம், லெவிடிராசிட்டம் முதலிய மருந்துகளை மருத்துவர் கொடுக்கின்றனர். மாறாக, ஃபெனிடாயின், கார்பமாசிபைன் போன்ற வலிப்பு மருந்துகள் இவ்வகைத் துடிப்பை மிகுவிக்கக் கூடும். ஆதலின், "அடுத்த வீட்டுப் பையனுக்கு வலிப்பு நின்றது" என்று அவன் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக் கொடுப்பது பெருந்தீங்கு.

இன்னொன்று மிக முதன்மையானது. சிறுநீரகம் தர உடன்பிறந்தாரே முன்வருவர். அது நம் குடும்பங்களின் பெருமை. ஆனால் இத்தகைய நோயில், நலமாகத் தோன்றும் தங்கையிடமும் அதே நோய் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவள் உடலிலிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால், பின்னர் அவள் கதி என்ன? ஆதலின், இளைஞர் ஒருவர்க்குக் காரணம் புலப்படாமல் சிறுநீரகம் செயலிழந்து, கை நடுக்கமும் சேர்ந்திருந்தால், கொடை பற்றிப் பேசுமுன் மரபணுச் சோதனை பற்றி மருத்துவரைக் கேளுங்கள். சிறிது இரத்தம் கொடுத்தாலே அச்சோதனையைச் செய்துவிடலாம். 2021-இல் இந்திய அரசு அரிய நோய்களுக்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வகுத்தது. அதன்கீழ் அமைந்த சிறப்பு மையங்களுள் ஒன்று, பெங்களூரில் உள்ள மனித மரபியல் மையம். பிள்ளைப்பேற்றிற்கு முன்பும், உறவில் மணம் முடிக்கு முன்பும் கேட்க வேண்டிய ஐயங்களை இத்தகைய மரபியல் மருத்துவரிடம் கேட்கலாம். சோதிடரிடம் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், இந்தப் பதினோராவது பொருத்தத்தையும் பார்த்தால் குறைந்தா போவோம்?

என் வேண்டுகோளைச் சுருக்கிச் சொல்கின்றேன். வளரும் பிள்ளையின் எழுத்துத் திடீரெனக் கோணினால், கை நடுங்கினால், குவளை நழுவினால், திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கையைக் காட்டும்போது சிறுநீரையும் சோதியுங்கள். அது சிறு செலவில் முடியும் சோதனை. சிறுநீரில் புரதம் என்று சொன்னால், கை நடுக்கத்தையும் மறவாமல் சொல்லுங்கள். சீட்டுகளையும் சோதனை முடிவுகளையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வைத்து, எந்த மருத்துவரிடம் சென்றாலும் முழுக் கோப்பையும் கொண்டு செல்லுங்கள். இஃது ஓர் எழுத்தன் தன் தொழிலிலிருந்து தரும் அறிவுரை. கோப்பில் ஒரு தாள் குறைந்தால் சரக்கு வண்டியே நின்றுவிடுவதை நான் நாள்தோறும் காண்கின்றேன். ஒரு பிள்ளைக்கு நோய் கண்டால், உடன்பிறந்தார் அனைவரையும் சோதிக்கச் செய்யுங்கள்.

இவையெல்லாம் குடும்பத்தார் செய்ய வேண்டியவை. நாம், அக்கம்பக்கத்தார், செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வெட்டித் துடிக்கும் கையை உற்றுப் பார்க்காமல் இருப்பது. பார்வை பட்டால் துடிப்பு மிகும் என்று சொன்னேன்; நம் கண்ணே அப்பிள்ளைக்கு முள்ளாகின்றது. விழாவிற்கு அவனையும் அழையுங்கள். மூடிய குவளையில் காப்பி கொடுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்துக் கேளுங்கள். அவன் அக்காளுக்கோ தங்கைக்கோ வரன் வந்து யாரேனும் நம்மிடம் விசாரித்தால், "அந்த வீட்டில் ஏதோ சாபம்" என்று கிசுகிசுக்காமல், "நல்ல குடும்பம், மருத்துவரைக் கேட்டுத் தெளிந்து செய்யுங்கள்" என்று வாய் நிறையச் சொல்லுங்கள். ஒரு வாய்ச் சொல்லால் ஒரு பெண்ணின் வாழ்வு கெடவும் செய்யும், மலரவும் செய்யும்.

பிழைப்பைத் தேடி வந்த இவ்வூரில், ஒருவர்க்கொருவர் துணை என்றுதான் நாம் சங்கம் கண்டோம். தமிழ் வளர்ப்பது சங்கத்தின் கடமை. தமிழ் பேசும் ஒரு வீட்டின் கதவு பழிக்கு அஞ்சி அடைபட்டுக் கிடந்தால், அதனைத் தட்டித் திறப்பதும் சங்கத்தின் கடமையே. நிம்ஹான்ஸ் போன்ற இடங்களுக்கு முதன்முதல் செல்வோர்க்கு வழி காட்டவும், கன்னடத்தில் பேசி வரிசையில் நின்று சீட்டு வாங்கித் தரவும் இளைஞர் நால்வர் முன்வர வேண்டும் என்று இவ்வவையைக் கேட்டுக்கொள்கின்றேன். விடுமுறை நாள் நீங்கலாக, பணி முறை இடம் தரும் காலைகளில் நானும் உடன் வருகின்றேன். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்ட முடிவில் செயலாளரைக் காணலாம்.